கேளுங்க சொல்றேன்: வக்கீல் போட்ட வெள்ளாமை

கேள்வி: நம்ம கொங்குப் பக்கம் வக்கீலா இருந்து சட்டசபைக்குப் போனவங்கள்ல உங்களுக்குப் புடிச்சது யாருங்? காரணத்தோட சொல்லோணும். (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: சி.எஸ்.தானுங்க, சி.சுப்பிரமணியம். உங்கூருக்குப் பக்கத்துல செங்குட்டைப்பாளையத்துக்காரரு, 1910-ல பொறந்தவரு, சட்டம் படிச்சு 1936-ல கோயமுத்தூர்ல பிராக்டீஸ் ஆரம்பிச்சு, நடுவுல ஜெயிலு, அப்பறம் அரசியல் நிர்ணய சபை, 1952-ல இருந்து பத்து வருசம் மெட்ராஸ்ல மந்திரி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குப் புடிச்சது 1954 சமாச்சாரம். ராஜாஜி வெலகினதும் காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதுத்து நின்னு 93-க்கு 41-னு தோத்தாரு. நம்மூர்ல பஞ்சாயத்து எலக்‌ஷன்ல எதுத்து நின்னாலே ரெண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது, காமராஜர் என்னடான்னா எதுத்து நின்னவரையும் அவரு பேரை முன்மொழிஞ்ச பக்தவத்சலத்தையும் மந்திரிசபைல சேத்துக்கிட்டாரு. காமராஜருக்குப் பெரிய மனசுன்னு எல்லாரும் சொல்வாங்க, சரிதான், ஆனா தோத்துப்போட்டு மொகத்தைத் தூக்காம கூடவே ஒக்காந்து கல்வி, நிதின்னு வேல பாக்கறதுக்கும் ஒரு மனசு வேணுமில்லீங்? மதிய உணவுத் திட்டம் வந்தப்ப கல்வி மந்திரி இவருதான். கோர்ட்டுக்குள்ள அடிச்சுக்கிட்டு வெளிய வந்து ஒண்ணா டீ குடிக்கற வக்கீல் பழக்கம்னு நான் நெனச்சுக்குவேன்.

கேள்வி: பசுமைப் புரட்சி பண்ண சி.எஸ். 1967-ல எங்கூர்ல எப்படிங் தோத்தாரு? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கொடுமைதானுங்க. 1965-ல இந்திப் பிரச்னைக்காக மத்திய மந்திரி பதவிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்தவரு, அப்பறம் வாபஸ் ஆயிருச்சு, ஆனா ஓட்டுப் போடறப்ப ஜனங்க காங்கிரஸ்காரருன்னு மட்டுந்தான் பாத்தாங்க. அந்தப் பக்கம் தி.மு.க. மேடைக்கு மேடை ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு பேசுது, இந்தப் பக்கம் நிக்கறவரு நாட்டுக்கே உணவு மந்திரி, எங்க போயி ஓட்டுக் கேக்கறது! அதுக்கு முந்தின வருசந்தான் மெக்சிகோவுல இருந்து 18,000 டன் வெதக் கோதுமை வரவெச்சிருந்தாரு, டெல்லில குடியிருந்த பங்களாவோட புல்தரையவே உழுது கோதுமை போட்டவருங்க (பண்ணையக்காரப் புத்தி எங்க போனாலும் போகாது). அந்த மெக்சிகோ வெத 1968-ல அமோகமா வெளஞ்சு, ‘கோதுமைப் புரட்சி’ன்னு தபால்தலை போட்டப்ப இவரு மந்திரியும் இல்ல, எம்.பி.யும் இல்ல. பாரத ரத்னா வர 1998 ஆச்சு. தோக்கடிச்சது இந்திப் பிரச்னையா, அரிசியான்னு கேட்டா நான் அரிசிம்பேன், உங்கூர்ப் பெரியவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க.