இலவச டோவிங்குக்கு ஏன் பில் வருகிறது? கேள்வி பதில்

வாகனக் காப்புறுதியோடு வரும் பிரேக்டவுன் சேவையை, அதாவது நடுவழியில் நின்ற வண்டியை இழுத்துப்போகும் டோவிங்கைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. முன்பு கிளெய்ம் பகுதியில் இருந்தவன், இப்போது திருகோணமலையில் பிரேக்டவுன் லொறி வைத்திருப்பவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (தம்பலகாமம்): அண்ணா, புல் இன்சூரன்ஸ் இருக்கிறது, டோவிங் இலவசம் என்றார்கள். கந்தளாய்க்குப் பக்கத்தில் கார் நின்றது. திருகோணமலைக்குக் கொண்டுவந்ததும் நீட்டினார்களே ஒரு பில்! தூரமே 40 கிலோமீற்றர்தான்.

பதில்: தம்பி, நீங்கள் கணக்குப் பார்த்தது உங்கள் கார் போன தூரத்தை. அவர்கள் பார்ப்பது லொறி ஓடிய தூரத்தை. வருகிற பில்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

லொறி ஹபரணையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கந்தளாய்க்கு ஏறத்தாழ 45. உங்கள் காரோடு திருகோணமலைக்கு 40. வெறும் லொறியாகத் திரும்பிப் போக 85. மொத்தம் 170 கிலோமீற்றர். பொலிசியில் இலவசத் தூரம் 30 என்று இருந்தால் மீதி 140க்கும் காசு. திருகோணமலையிலிருந்தே ஒரு லொறி வந்திருந்தால் போக 40, வர 40, அவ்வளவுதான். போன் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "லொறி எங்கிருந்து வருகிறது?" தூரமாக இருந்தால் கிட்ட உள்ளதை அனுப்பச் சொல்லுங்கள். அல்லது நீங்களே ஒன்றைப் பிடித்து பில்லைக் கொடுத்தால் திருப்பித் தருவார்களா, எவ்வளவு வரை என்று கேளுங்கள். முன்கூட்டியே ஒப்புதல் வாங்காத பில்லைப் பிறகு தட்டிக்கழிப்பார்கள்.

அப்புறம், சாரதியின் கையில் ஜொப் காட் இருக்கும். புறப்பட்ட இடமும் மீற்றர் இலக்கமும் அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதைப் போனில் படம் எடுங்கள். வண்டியை ஏற்றுமுன் மொத்தக் கட்டணத்தை வட்சப்பில் எழுதி வாங்குங்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): கடற்கரை மணலில் வேன் புதைந்துவிட்டது. இழுத்துவிட்டதற்குத் தனிக் காசு கேட்டார்கள்.

பதில்: மணலில் புதைவது பழுது அல்ல. வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) போட்டு வெளியே எடுப்பது வேறு வேலை, பெரும்பாலான பொலிசிகளில் அதற்குத் தனிக் கட்டணம். அடுத்த முறை வேனை ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு நடங்கள்.

கேள்வி (உப்புவெளி): என்னுடைய அக்குவா காருக்குக் கெரியர் (முழுக் காரையும் மேலே ஏற்றும் லொறி) அனுப்பிவிட்டுக் கூடுதலாக அறவிட்டார்கள். சாதாரண கயிறே போதாதா?

பதில்: போதாது தங்கச்சி. அக்குவா, பிரியஸ் எல்லாம் என்ஜினோடு மின் மோட்டரும் உள்ள ஹைபிரிட் கார்கள், முன்சக்கரத்தில் ஓடுபவை. முன்சக்கரம் சுழன்றால் மோட்டரும் சுழலும், நியூட்ரலில் போட்டாலும் விடுபடாது. மின்சாரம் உண்டாகி உள்ளே சேதம் வரலாம். முன்சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் மேலே ஏற்ற வேண்டும். அந்தக் காசு நியாயமான காசு.

கேள்வி (கிண்ணியா): நான் அக்குவாவைக் கயிறு கட்டிப் பாலத்தைத் தாண்டி இழுத்து வந்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் லொறிக்காரர், அப்படித்தான் சொல்வீர்கள்.

பதில்: கிண்ணியா நானா, நான் லொறிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சத் தூரம் மெதுவாக இழுத்துத் தப்பியிருக்கலாம். அதை வைத்து மற்றவருக்கு வழி சொல்லாதீர்கள்.

கேள்வி (மூதூர்): கிண்ணியா நானா சொல்வது சரி. எங்கள் பழைய லான்சரை எத்தனை தரம் இழுத்திருப்போம்!

பதில்: லான்சர் மனுவல் கியர் என்றால் இழுக்கலாம், தள்ளி ஸ்டார்ட்டும் பண்ணலாம். ஓட்டோ கியரில் என்ஜின் நின்றால் கியர்பெட்டிக்கு எண்ணெய் தள்ளும் பம்பும் நின்றுவிடும். சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே எண்ணெய் இல்லாமல் தேயும். இன்னொன்றையும் எல்லோரும் மறக்கிறீர்கள்: என்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணை இல்லை. கயிற்றில் கட்டிய காரை உவர்மலை இறக்கத்தில் ஒரு தரம் நிறுத்திப் பாருங்கள், முன்னால் போகிறவரின் பின்பக்கத்தில்தான் நிற்கும்.

கேள்வி (கிண்ணியா): அப்போ கியர்பெட்டி போனால் காப்புறுதி தருமா?

பதில்: தவறாக இழுத்ததால் வந்த சேதம் என்று மதிப்பீட்டாளர் எழுதினால் தராது. அதனால்தான் நானா, கயிறு மலிவு என்று நினைக்க வேண்டாம். கயிற்றுப் பேச்சை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (குச்சவெளி): எனக்கும் கிலோமீற்றருக்குக் கூடுதலாகப் பில் வந்தது. ஏன்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (சீனக்குடா): பில்லில் 18 வீதம் வற் வரி என்று கையால் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம், அது உண்மை. ஆனால் வற் வரிக்குப் பதிவு செய்தவர் மட்டுமே அதை அறவிடலாம். பில்லில் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த வரியைக் கொடுக்காதீர்கள், இலக்கத்தைக் கேளுங்கள்.

கேள்வி (நகரம்): விபத்து நடந்தால் இதே பிரேக்டவுன் இலக்கத்துக்குத்தான் எடுக்கவேண்டுமா?

பதில்: விபத்து வேறு கிளெய்ம். முதலில் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள், மதிப்பீட்டாளர் வருமுன் வண்டியை நகர்த்தாதீர்கள். பொலிஸார் நகர்த்தச் சொன்னால் முதலில் படம் எடுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் லொறியிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவர்கள் வண்டியைத் தங்கள் யார்ட்டில் போட்டு நாளுக்கு நாள் வாடகை ஏற்றுவார்கள், அந்த வாடகையைக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்காது. ஏற்றுமுன் எழுதி வாங்குங்கள் என்றேனே, இங்கேதான் அது மிகவும் வேண்டும்.

கேள்வி (புல்மோட்டை): ஆட்டோவுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான். டோவிங் உண்டா?

பதில்: பெரும்பாலும் இல்லை.

கேள்வி (கந்தளாய்): தூரத்துக்கு ஏன் கூடுதலாக...

பதில்: முதல் பதில்!

கேள்வி (நகரம்): பில்லை ஏற்கவே முடியவில்லை. எங்கே முறையிடுவது?

பதில்: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், ஜொப் காட் படத்தோடு. பதில் திருப்தி இல்லையென்றால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) இருக்கிறார். போனில் கத்துவதால் பயன் இல்லை, அந்தப் பக்கம் இருப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் பிள்ளை.

கேள்வி (உவர்மலை): எந்தக் கம்பனி நல்லது?

பதில்: பெயர் சொல்லமாட்டேன். புதுப்பிக்குமுன் அவர்களுடைய இலக்கத்துக்கு இரவில் ஒரு தரம் எடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில், யானை நிற்கும் இடத்தில் வண்டி நின்றால் லொறி எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும், இரவுக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பதிலை வட்சப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அடுத்த கம்பனிக்கு எடுங்கள்.