பூனை கவ்விய அணில் குட்டி: காலைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறு

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கிறோம். நேற்று சாயங்காலம் மரம் ஏறுபவர் காய்ந்த மட்டைகளை வெட்டித் தள்ளியபோது அணில் கூடு ஒன்று கீழே விழுந்தது. நாங்கள் ஓடிப் போவதற்குள் ஒரு குட்டியைப் பூனை கவ்விவிட்டது, விரட்டிப் பிடுங்கினோம். ரத்தம் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பின்னங்காலை ஊன்றவில்லை. கண் திறந்திருக்கிறது, எடை 30 கிராம். இங்க் பில்லரில் பசும்பால் கொடுத்தோம், வயிறு உப்பியிருக்கிறது. கால் சரியானதும் காட்டில் விட்டுவிடலாமா? 500 ரூபாய் கொடுத்தால் தானே கொண்டுபோய் விடுவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: நீங்கள் காலைப் பற்றிக் கேட்கிறீர்கள். அந்தக் குட்டியின் உயிருக்கு இப்போது ஆபத்து காலில் இல்லை. பூனையின் பல்லிலும் பசும்பாலிலும் இருக்கிறது.

பூனைப் பல் ஊசிபோல் இறங்கும். மேலே முடி மூடிக்கொள்வதால் துளை தெரியாது, ரத்தமும் வராது. பூனையின் வாயில் இருக்கும் கிருமிகள் இவ்வளவு சிறிய உடம்பில் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பரவிவிடும். நேற்று முழுக்கத் துள்ளிய குட்டி நாளை காலை செத்துக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். எனவே பூனை வாயில் பட்டது என்றாலே, காயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரிடம் ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். 30 கிராம் உடம்புக்கு அளவு கணக்கிட்டு, நீர்த்த மருந்தாகத்தான் கொடுக்க முடியும். பஞ்சை உப்புநீரில் (மருந்துக் கடையில் நார்மல் சலைன் என்று கேளுங்கள்) நனைத்து முடியை விலக்கிக் கழுத்து, முதுகு, வயிறு எல்லாம் பாருங்கள். துளை தெரிந்தால் அதே நீரால் கழுவினால் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். முடிக்குள் வெளிர்மஞ்சளாக அரிசிக் குருணைபோல் ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

மருத்துவரைப் பிடிப்பதுதான் பெரிய பாடு. அணில் என்றதும் "நாங்கள் பார்ப்பதில்லை, வனத்துறைக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே போனால் "அணில்தானே, மரத்தடியில் விடுங்கள்" என்பார்கள். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் குட்டி செத்துப்போகும். இதை எத்தனை வருடமாகச் சொல்லியும் ஒரு சுற்றறிக்கைகூட வந்தபாடில்லை. 1962 என்ற எண்ணில் கால்நடை ஊர்தி வரும், ஆனால் அது பெரும்பாலும் ஆடுமாடுகளுக்கானது. உங்களுக்குப் பக்கத்தில் உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் போன் செய்து "பூனை கடித்த சிறு விலங்கு, எடை 30 கிராம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அணில் என்ற பேச்சை அங்கே போன பிறகு எடுக்கலாம்.

இன்றே செய்ய வேண்டிய இன்னொன்று: அணில் ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டி போடும். வெட்டிப் போட்ட மட்டைக்கு அடியில் இன்னும் ஒன்று கிடக்கலாம், போய்ப் புரட்டிப் பாருங்கள். அடிபடாமல், சூடாக இருந்தால் சிறு கூடையில் பழைய துணி போட்டு வைத்து, அதே மரத்தில் ஆறடி உயரத்தில் கட்டுங்கள். பகலில் மட்டும். பூனையைக் கட்டிப்போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூரத்தில் நின்று கவனியுங்கள். மனிதர் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது வெறும் கட்டுக்கதை, வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். இருட்டிவிட்டால் தாய் வராது, உள்ளே எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் குட்டி. வரிசை இதுதான்: முதலில் சூடு, பிறகு நீர், கடைசியாகத்தான் பால். குளிர்ந்திருக்கும் குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் உள்ளேயே புளித்து வயிறு உப்பும். செருப்பு அட்டைப்பெட்டியில் பனியன் துணி விரித்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை இரண்டு மடிப்புத் துணியில் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், நகம் அதன் வளையத்தில் மாட்டி இருக்கிற காலும் முறியும்.

பசும்பாலை இப்போதே நிறுத்துங்கள். அடுத்த இரண்டு வேளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் மட்டும். 1 லிட்டருக்கான பொட்டலத்தை முழு 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். 200 மி.லி. டம்ளரில் முழுவதையும் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகிவிடும், குட்டி தாங்காது. அட்டைப் பெட்டியில் பழச்சாறுபோல் வரும் பானங்களைக் கடைக்காரர் ஓ.ஆர்.எஸ். என்று நீட்டினால் வாங்காதீர்கள், அதில் சர்க்கரைதான் அதிகம். உப்பிய வயிற்றை வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவி, மலம் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். வயிறு கல்லாக இறுகி ஆறு மணி நேரமாகியும் எதுவும் போகவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதன்பின் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால் பவுடர். முதல் நாள் ஒரு பங்கு பவுடருக்கு நான்கு பங்கு வெந்நீர், மறுநாளிலிருந்து இரண்டு பங்கு. குழந்தைகளுக்கான பவுடரும் வேண்டாம். ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 30 கிராமுக்கு 1.5 மி.லி. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என ஐந்து வேளை. எடை கூடக்கூட அளவைக் கூட்டுங்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை போட்டு எழுதி வையுங்கள்.

இங்க் பில்லரைத் தூக்கிப் போடுங்கள். ஒரு துளி பெரிதாக விழுந்தால் மூக்கில் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சு போதும். குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடிக்காதீர்கள். வயிறு துணியில் படும்படி, தலை சற்று மேலே இருக்க வேண்டும். மூக்கில் பால் வந்தால் உடனே தலையைக் கீழே சாய்த்துத் துடையுங்கள். மூச்சு விடும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நிமோனியா, தாமதிக்காதீர்கள்.

கால்: ஒரே ஒரு பின்னங்காலை மட்டும் ஊன்றவில்லை, மற்றக் கால் உதைக்கிறது என்றால் நல்ல செய்திதான். எலும்பு முறிந்திருந்தாலும் ஏறவிடாமல் சிறிய பெட்டியில் வைத்தாலே குட்டி வயதில் மூன்று வாரத்தில் கூடிவிடும். தீக்குச்சி வைத்து நூல் கட்டும் வேலை வேண்டவே வேண்டாம். ரத்தம் நின்று பாதம் கறுத்துப்போகும். கால் கொஞ்சம் கோணலாகக் கூடினாலும், ஒரு பாதமே இல்லாமல் போனாலும்கூட மரம் ஏறிப் பிழைத்துக்கொள்ளும். இரண்டு பின்னங்காலும் இழுபட்டால் முதுகெலும்பு அடி, அது வேறு பேச்சு.

யாரும் பார்க்காத ஒன்று பல். உயரத்திலிருந்து விழும் குட்டி முகம் குப்புற விழும், முன்பற்கள் உடையும். உடைந்தால் பயப்பட வேண்டாம், அணிலின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். வேர் நன்றாக இருந்தால் சில வாரங்களில் திரும்ப வந்துவிடும். ஆனால் தாடை நகர்ந்து மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று சந்திக்காமல் போனால் தேய வழியில்லை. பல் வளைந்து வளர்ந்து மேலண்ணத்தைக் குத்தும், வாயைத் திறக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். கால் குணமானாலும், ஓடினாலும், மரம் ஏறினாலும், பல் சேராத அணிலை வெளியே விடக்கூடாது. வாரம் ஒருமுறை உதட்டை விலக்கிப் பாருங்கள், விடுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். விடமுடியாத அணிலுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பல் வெட்ட வேண்டியிருக்கும். அதை வைத்துக்கொள்வதானால் மருத்துவரின் எழுத்துச் சான்றோடு வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பல் வந்ததும் கொய்யா, வெள்ளரித் துண்டு, முளைகட்டிய பயறு, முருங்கைக் கீரை, இளந்தளிர் என்று பழக்குங்கள். ரொட்டியும் பிஸ்கட்டும் கடலையுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வளையும், நன்றாக இருந்த காலும் விழும். காலை வெயில் அரைமணி நேரம் நேரடியாகப் படட்டும், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் உதவாது. ஒருவர் மட்டும் ஊட்டுங்கள். பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தால் பிறகு எதிர் வீட்டுப் பூனையிடமும் நம்பிப் போகும்.

இப்போது அந்த 500 ரூபாய்க்காரர். கொடுக்காதீர்கள். இப்படி வாங்கிப் போகும் குட்டிகள் பல சமயம் செல்லப்பிராணியாக விலைக்குப் போகும், அல்லது வீடியோ எடுத்து நன்கொடை கேட்கக் காட்சிப்பொருளாகும். யாரிடம் ஒப்படைப்பதானாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மருத்துவரிடம் காட்டுவீர்கள், என்ன பால் கொடுப்பீர்கள், எங்கே, எப்போது விடுவீர்கள்? முன்பணம் கேட்பவரும், பெயர் சொல்லாமல் "எங்கள் டாக்டர்" என்பவரும், பசும்பால் என்பவரும் வேண்டாம்.

காட்டில் விடுவதும் தவறு. முதுகில் மூன்று கோடுள்ள இந்த அணில் தோப்பிலும் வீட்டோரத்திலும் வாழ்வது. ஆனைமலைக் காட்டில் விட்டால் அதற்குத் தண்ணீரும் தெரியாது, ஒளிய இடமும் தெரியாது. விழுந்த இடமே அதன் இடம். 10 முதல் 12 வாரம் ஆகி, பால் மறந்து, தானாகக் கூடு கட்டி, உங்களைக் கண்டு ஓடத் தொடங்கியதும் 2 அடி அகலம், 4 அடி உயரக் கூண்டை மரத்தோரம் வையுங்கள். வலை அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் மெஷ். கோழிவலையில் குட்டி நுழைந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே 4 செ.மீ. துளையுள்ள மரப்பெட்டி, கொஞ்சம் தேங்காய் நார். பத்து நாள் வெளிச்சத்தம் பழகட்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழை இல்லாத ஒரு நாள் காலை ஏழெட்டு மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். பெட்டியையும் தீனியையும் இரண்டு வாரம் அங்கேயே விட்டுவையுங்கள், முதல் சில இரவுகள் திரும்பி வந்து படுக்கும்.

அதற்கு முன் பக்கத்துத் தோப்புக்காரர்களிடம் எலி மருந்துக் கட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அணிலும் அதைத் தின்னும். கட்டிகளை எடுத்து ஒரு மாதமாவது ஆன பிறகே கூண்டைத் திறங்கள்.