கேள்வி-பதில்: காலி வீடும் பெயிண்ட் செலவும்

கேள்வி: இரண்டு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தோம். அட்வான்ஸிலிருந்து ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகை 16,000 ரூபாயை ஓனர் பிடித்துக்கொண்டார். பத்தே நாளில் புதுக் குடித்தனம் வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்கவே இல்லை. கேட்டால், “எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம்” என்கிறார். (மடிப்பாக்கம்)

பதில்: வழக்கம்தான். ஆனால் நியாயமில்லை. சென்னையில் வாடகைக்கு இருந்தவர்களில் இந்தப் பணத்தை இழக்காதவர்கள் குறைவு. நானும் இழந்திருக்கிறேன். நாங்கள் ஐந்து வருடம் இருந்த வீட்டில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள். நாலு மாதம் கழித்து, விட்டுப்போன ஒரு தபாலை வாங்க அங்கே போனேன். சமையலறைக் கதவு நிலையில் என் மகளின் உயரத்தை வருடா வருடம் பென்சிலால் குறித்து வைத்த கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கோடுகூட அழியவில்லை.

தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச் மாதிரியான சில்லறை ரிப்பேர்தான் குடியிருப்பவர் தலையில். புழங்கப் புழங்கச் சுவர் மங்குவதற்கு நீங்கள் அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஆணி அடித்துக் காரை பெயர்ந்தது, பிள்ளைகள் கிரேயானால் கிறுக்கியது என்றால் அதைச் சரிசெய்யும் செலவைக் கேட்கலாம். அதற்கும் ஒரு மாத வாடகைக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் ஒப்பந்தத்தில் ‘காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்ற வரி இருந்து, அதன் கீழே நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். முதலில் அதை எடுத்துப் படியுங்கள். அந்த வரி இல்லையென்றால், பெயிண்ட் வாங்கிய பில்லையும் கூலி ரசீதையும் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அடிக்காத பெயிண்டுக்கு அவர் பில் காட்ட முடியாது. இனி எந்த வீட்டுக்குப் போனாலும், பால் காய்ச்சுவதற்கு முன் எல்லாச் சுவரையும் போனில் வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: குடித்தனம் காலியான என் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் “மொத்தமாக 45,000” என்றார். 30,000 கொடுத்தேன். இரண்டு நாள் சுரண்டிவிட்டுப் போனவர் வரவில்லை. அளவு எதுவும் எழுதவில்லை. (தாம்பரம்)

பதில்: வேலை தொடங்கும் முன்பே மூன்றில் இரண்டு பங்கு பணம், அதுவும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல்! கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறோம், இதற்கு ஒரு டேப் எடுத்து அளக்க மாட்டோமா?

அளப்பது பெரிய வித்தையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை, உயரம் பத்தடி என்று வையுங்கள். சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. சீலிங் 120. மொத்தம் 560. ஏழுக்கு மூன்று கதவு 21, நாலுக்கு நாலு ஜன்னல் 16, இரண்டையும் கழித்தால் 523. இப்படி ஒவ்வொரு அறைக்கும் போட்டுச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். சுவரைச் சமமாக்கும் பட்டி, அதன் மேல் அடிப்பூச்சாக ப்ரைமர், எத்தனை கோட் என்பதையும் எழுதி வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். இப்போதைக்கு, பணம் அனுப்பிய விவரத்தையும் அவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: வாடகை வீட்டுக்கு விலை குறைந்த டிஸ்டம்பர் பூச்சு போதாதா? (திருச்சி)

பதில்: எமல்ஷன் அடியுங்கள். ஈரத்துணியால் துடைக்க முடிகிற சுவர் அடுத்த குடித்தனத்துக்கும் தாங்கும். பணம் மிச்சம் என்று நான் ஒருமுறை இருபது கிலோ டிஸ்டம்பர் வாங்கினேன். அதைவிடப் பெரிய தவறு, பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் இருந்ததைப் பார்த்தும் அதன் மேலேயே அடிக்கச் சொன்னது. ஒரு மழைக்காலம்தான். உப்புப் பூத்து அப்பளம் அப்பளமாக உரிந்தது. குழாய்க் கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி. அதற்காக வீடு இன்னும் பதினைந்து நாள் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: மீந்துபோன கலர் பெயிண்டைக் கடையில் திருப்பி எடுப்பார்களா? (சேலம்)

பதில்: மாட்டார்கள். மெஷினில் கலந்தது உங்களுக்காக மட்டுமே கலந்தது. மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு நம்பரைக் குறித்து வைத்துவிட்டு, இறுக மூடி வையுங்கள்.

கேள்வி: பெயிண்டர் ஒரே கம்பெனி வாளிதான் வேண்டும் என்கிறார். (மதுரை)

பதில்: பழகிய பெயிண்ட் என்பது ஒரு காரணம். வாளியில் பெயிண்டருக்கென்று கம்பெனி வைக்கும் பரிசு டோக்கன் இன்னொன்று. டோக்கன் அவருக்கே போகட்டும், வாளியை மட்டும் நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். உங்கள் கண் முன்னால் சீல் உடையட்டும்.

கேள்வி: கணவர் இல்லை. மாடி போர்ஷன் வாடகையில்தான் வாழ்கிறேன். காண்ட்ராக்டர் விலை உயர்ந்த எமல்ஷன் என்று பில் கொடுத்தார். சுவரைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டுகிறது. மொட்டை மாடியில் கிடக்கும் காலி வாளிகளில் வேறு, மலிவான பெயிண்டின் பெயர். (கும்பகோணம்)

பதில்: அம்மா, அந்த வாளிகளை யாரும் எடுத்துப்போக விடாதீர்கள். உங்கள் வழக்கே அவைதான். பெயரும் பேட்ச் நம்பரும் தெரியும்படி படம் எடுங்கள், தொட்ட கையையும் எடுங்கள். பில்லின் நகலோடு காண்ட்ராக்டருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: பதினைந்து நாளில் பில்லில் உள்ள பெயிண்டை அடித்துத் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இந்த வாடகைதான் உங்கள் பிழைப்பு என்பதைப் புகாரில் மறக்காமல் எழுதுங்கள். கடிதம் எழுதுவது சிரமமாக இருந்தால் பில்லின் படத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.