மார்பக மீளமைப்பு: 19367ஆ, 19369ஆ?

யாழ்ப்பாணத்தில் மெடிக்கல் கோடிங் (சிகிச்சைகளைக் கட்டணக் கோரிக்கைக்கான எண்களாக எழுதும் வேலை) படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு மார்பகங்களையும் வயிற்றுத் தசையால் மீளமைத்தால் அமெரிக்க சிபிடி குறியீடு 19369 தானே?"

இல்லை தங்கச்சி. பலரும் தடுக்கி விழும் இடம் இது. 19369இல் உள்ள 'இரண்டு' மார்பகத்தின் எண்ணிக்கை அல்ல, தண்டின் எண்ணிக்கை. வயிற்றுத் தோல், கொழுப்பு, தசையை இரத்தக் குழாயோடு மேலே திருப்புவதுதான் டிராம் ஃபிளாப். அந்தக் குழாய் உள்ள தசைதான் தண்டு. ஒரே மார்பகத்துக்கு இரண்டு தண்டுகள் என்றால் 19369. இரண்டு மார்பகங்களுக்கும் தலா ஒரு தண்டு என்றால் 19367, மொடிஃபையர் 50உடன் (இரு பக்கமும் செய்ததைக் காட்டும் பின்னெண்).

திசுவை முழுதாக வெட்டியெடுத்து, நெஞ்சிலுள்ள குழாயோடு நுண்நோக்கியின் கீழ் இணைத்திருந்தால் கதையே வேறு, அது 19364. தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் குழாயோடு எடுக்கும் டீப் ஃபிளாப்பும் இதற்குள்தான். வயிற்றுக் காயத்தை மூடியதற்கோ நுண்நோக்கிக்கோ (69990) தனிக் குறியீடு போடக்கூடாது.

சத்திரசிகிச்சைக் குறிப்பின் தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். அங்கே வெறும் 'டிராம்' என்றிருக்கும். குழாயை வெட்டினார்களா என்பது உள்ளே மூன்றாம் பந்தியில் கிடக்கும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பதால் இந்தக் கட்டணக் குறியீடுகளை நாம் பார்த்துப் பழகியதில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு எண் பிழைத்தால், புற்றுநோயிலிருந்து மீண்டு வரும் ஒரு பெண்ணின் காப்புறுதிக் கோரிக்கை திரும்பி வரலாம்.