கென்டக்கியின் நடுநிலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் கென்டக்கி எந்தப் பக்கமும் சேராமல் நின்றது என்கிறார்கள். ஒரு நாட்டுக்கு உட்பட்ட மாநிலம் அந்த நாட்டின் போரிலேயே நடுநிலை வகிக்க முடியுமா, ஐயா?

பதில்: சட்டத்தின் பார்வையில் முடியாது. அத்தகைய நடுநிலை ஒன்றியத்தின், அதாவது ஐக்கிய அமெரிக்க நாட்டின், பிளவை முழுமையாக்கிவிடும் என்றுதான் 1861 ஜூலையில் அதிபர் லிங்கன் காங்கிரஸுக்கு (நாடாளுமன்றத்துக்கு) எழுதினார். ஆயினும் நடைமுறையில் அவர் அதைச் சகித்துக்கொண்டார். எதிர்த்து ஒரு படையை அனுப்பியிருந்தால், ஊசலாடிக்கொண்டிருந்த மாநிலம் தெற்கின் பக்கம், அதாவது ஒன்றியத்திலிருந்து பிரிந்த அடிமை மாநிலங்களின் பக்கம், சாய்ந்துவிடும் என்பதை, அதே மாநிலத்தில் பிறந்தவரான அவர் நன்கு அறிந்திருந்தார். தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸும் கென்டக்கியில் பிறந்தவரே.

கேள்வி: அடிமை முறை இருந்த மாநிலம் தெற்கோடு சேராமல் தயங்கியது ஏன்?

பதில்: 1860 கணக்கெடுப்பின்படி அங்கே 2,25,483 அடிமைகள் இருந்தனர், மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதே ஆண்டின் தேர்தலில் லிங்கனுக்கு அங்கே கிடைத்தவை வெறும் 1,364 வாக்குகள். இவற்றை மட்டும் பார்த்தால் தெற்கோடு சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் வட எல்லை முழுவதும் ஓஹையோ ஆறு. அதன் மறுகரையில் அடிமை முறை இல்லாத மூன்று மாநிலங்கள். பிரிந்து சென்றால் முதல் போர்க்களம் தங்கள் வயல்களே என்பதும், ஓடிப்போகும் அடிமைகளைத் திருப்பித்தரச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் ஆற்றோடு நின்றுவிடும் என்பதும் பண்ணை உரிமையாளர்களுக்கு விளங்காமல் இல்லை. ஒன்றியத்தில் நீடிப்பதே அடிமை முறைக்குப் பாதுகாப்பு என்று நம்பியவர்கள் அங்கே பலர். அக்காலக் கென்டக்கியைப் புரிந்துகொள்ள இந்த முரணைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன். இதோடு, கென்டக்கியின் புகழ்பெற்ற அரசியல் தலைவர் ஹென்றி கிளே விட்டுச்சென்ற, வடக்கையும் தெற்கையும் இணக்கப்படுத்தும் சமரச மரபும் சேர்ந்துகொண்டது. அந்த மரபில் வந்து, கடைசி நேரத்தில் சமரசத் திட்டம் ஒன்றை முன்வைத்துத் தோற்ற கென்டக்கி அரசியல் தலைவர் ஜான் கிரிட்டெண்டனின் மகன்களில் ஒருவர் வட படையிலும் மற்றொருவர் தென் படையிலும் தளபதிகளானார்கள்.

கேள்வி: அந்த நடுநிலை நேர்மையானதா, அல்லது வெறும் வேடமா?

பதில்: பொதுமக்களில் பெரும்பாலோர் அதை மனமார விரும்பினர்; தலைவர்களுக்கோ அது காலம் கடத்தும் உத்தி. 1861 ஏப்ரலில் லிங்கன் படை கேட்டபோது ஒருவரையும் தரமாட்டேன் என்று கடுமையாக மறுத்த ஆளுநர் மகாஃபின், தெற்கின்மீது பரிவு கொண்டவர். மே 20 அன்று நடுநிலையை அறிவித்தவரும் அவரே. பக்னர் என்ற தளபதியின் தலைமையில் இருந்த மாநிலக் காவல்படை தெற்கை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதற்கு எதிரிடையாக ஒன்றிய ஆதரவாளர்கள் உள்ளூர்க் காவல்படை ஒன்றை அமைத்தனர். அதற்கு நெல்சன் என்ற கடற்படை அதிகாரியின் வழியாக லிங்கன் ரகசியமாகத் துப்பாக்கிகள் அனுப்பிவைத்தார். இதற்கிடையே கென்டக்கியின் லூயிவில் நகரிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் சரக்குகள் குவிந்தன. போரில் பங்கில்லை என்றவர்கள் போரின் இலாபத்தை மட்டும் மறுக்கவில்லை. இருப்பினும் திசையைத் தீர்மானித்தவை தேர்தல்களே. ஜூனில் நடந்த காங்கிரஸ் தேர்தலில் பத்து இடங்களில் ஒன்பதையும், ஆகஸ்டில் மாநிலக் கீழவையின் 100 இடங்களில் 76ஐயும் ஒன்றிய ஆதரவாளர்கள் வென்றனர். அடுத்த சில நாட்களிலேயே கென்டக்கிக்குள்ளேயே, டிக் ராபின்சன் முகாமில் ஒன்றியப் படைக்கு வெளிப்படையாகவே ஆள்சேர்ப்பு தொடங்கியது. முகாமை அகற்றுமாறு ஆளுநர் கேட்டபோது, அங்கே இருப்பவர்கள் கென்டக்கியர்களே என்று பதில் எழுதி லிங்கன் மறுத்துவிட்டார்.

கேள்வி: முதலில் எல்லை மீறியது யார்?

பதில்: தெற்கு. செப்டம்பர் 3 அன்று தென் படைத் தளபதி போல்க்கின் ஆணைப்படி அப்படை கென்டக்கிக்குள் நுழைந்து, மிசிசிப்பி ஆற்றைக் கண்காணிக்க வசதியான உயர்ந்த கரைமேட்டில் இருந்த கொலம்பஸ் நகரைப் பிடித்தது. (போல்க் ஒரு கிறித்தவ ஆயர், அங்கி கழற்றி வாளெடுத்தவர்.) எதிரி முந்திக்கொள்வார் என்ற அவரது அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அரசியல் கணக்கில் அது பெரும் பிழை. வட படைத் தளபதி கிராண்ட் மூன்றே நாளில் கென்டக்கியின் படூக்கா நகரைக் கைப்பற்றியபோதும், மாநில எல்லையை முதலில் மீறியவர் என்ற பழி அவர்மீது விழவில்லை. தென் படை மட்டும் வெளியேற வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. ஆளுநரின் மறுப்பாணையும் முறியடிக்கப்பட்டது. செப்டம்பர் 18க்குள் நடுநிலை முடிந்துவிட்டது.

கேள்வி: தெற்கின் கொடியில் கென்டக்கிக்கும் ஒரு நட்சத்திரம் உண்டாமே?

பதில்: உண்டு. தெற்கின் ஆதரவாளர்கள் நவம்பரில் கென்டக்கியின் ரசல்வில் நகரில் கூடிப் போட்டி அரசு ஒன்றை அமைத்தனர். டிசம்பரில் தெற்கு அதை ஏற்றுக்கொண்டது. மாநிலத்தின் பெரும்பகுதியில் அதன் ஆணை செல்லவில்லை. அதன் ஆளுநர் ஜார்ஜ் ஜான்சன் 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் காயமுற்று இறந்தார்.

கேள்வி: போல்க் பொறுத்திருந்தால் நடுநிலை நீடித்திருக்குமா?

பதில்: நீடித்திருக்காது என்பதே என் கணிப்பு. சட்டமன்றமும் முகாமும் ஏற்கெனவே ஒன்றியத்தின் கையில் இருந்தன. ஆனால் முதல் அடியை வடக்கு எடுத்துவைத்திருந்தால், தயங்கி நின்றவர்களில் கணிசமானோர் தெற்கின் பக்கம் போயிருப்பார்கள். உண்மையில் நிகழ்ந்ததோ நேர்மாறானது: வட படையில் சேர்ந்த கென்டக்கியர், தென் படையில் சேர்ந்தவர்களைவிட இரு மடங்குக்கும் மேல். அவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கறுப்பின வீரர்கள். நடுநிலையைப் பற்றி அவர்களின் கருத்தை 1861இல் யாரும் கேட்கவில்லை.