தேசிமரத்துப் புழுவுக்கு ஏன் கொம்பு?

கேள்வி: தேசிக்கன்றில் இருக்கும் பச்சைப் புழுவைத் தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டி நாறுகிறது. நஞ்சா?
– வாசகி, புளியங்குளம்

பதில்: பயப்படாதே தங்கச்சி, கையைக் கழுவினால் சரி. எங்கள் கிணற்றடித் தேசியிலும் இதுதான். நேற்றும் ஓர் ஈர்க்கால் தட்டிப் பார்த்தேன்: தலைக்குப் பின்னால் பாம்பு நாக்குப் போல ஈரமான கவர்க்கொம்பு, கூடவே காறல் நெய் மணம். அது எறும்பை விரட்ட. குஞ்சுப் புழுவின் மணம் வேறு. வளர்ந்த புழுவில்தான் இந்த அமிலக் காறல்.

ஆனால் மணம் காட்டியும் கொடுக்கும். சோளன் இலையை வேறொரு புழு அரிக்க, எச்சில் பட்ட இலை ஒரு தனி மணத்தை விடும். அதை மோப்பம் பிடித்து, புழுவுக்குள் முட்டையிடும் சின்னக் குளவி வரும். இதை 1990இல் காட்டினார்கள். எச்சிலில் இருந்து இலையின் மணத்தைத் தூண்டும் வொலிசிட்டின் என்ற பொருளை 1997இல் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு வாயில்லை என்று யார் சொன்னது!

விரட்டும் மணம் அலோமோன், இலைக்கும் குளவிக்கும் உதவும் மணம் சினோமோன். பெயர் கிடக்கட்டும். புழுவில் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவை குளவியின் கூடுகள். அப்புறம் மருந்து அடிக்காதே.