ஒருவருக்கு இரத்தச்சோகை, ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல்: வீட்டில் இறைச்சி சமைக்கலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறோம். பதினைந்து வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 10.2 என்று வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை தந்து, இறைச்சியும் ஈரலும் கொடுக்கச் சொன்னார்கள். கணவருக்குக் கொலஸ்ட்ரோல் கூடியிருப்பதால் இறைச்சியே வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறார் மாமியார். இரண்டு சமையல் செய்ய என்னால் முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு சமையல் தேவையில்லை. உங்கள் மகளுக்கு இறைச்சி உதவும். உங்கள் கணவர் அதை அடியோடு விடவேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த இறைச்சியை வாங்கி, எப்படிச் சமைத்து, யாருக்கு எவ்வளவு பரிமாறுகிறீர்கள் என்பதைக் கவனித்தால் ஒரே சட்டிக் கறி இருவருக்கும் போதும்.

மகளின் வயதில் ஹீமோகுளோபின் 12க்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, ஈரல் ஆகியவற்றிலுள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் என்னும் வடிவில் இருக்கிறது. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை உடலில் சேரும். கீரையிலும் பருப்பிலும் குரக்கனிலும் இரும்பு இருந்தாலும் அதில் சேருவது பொதுவாக மிகக் குறைவு. ஆனால் அவற்றோடு சிறிதளவு இறைச்சியோ மீனோ சேர்த்து உண்டால், கீரையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். ஆகவே மகளின் கோப்பையில் இறைச்சியைக் குவிப்பதைவிட, இரண்டு மூன்று துண்டுகளோடு முருங்கையிலை வறையை வைத்து, அதன்மேல் தேசிக்காய்ப் புளி பிழிந்து கொடுப்பது பயன் தரும். சாப்பிட்டவுடன் பிளேன்டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். தேயிலையிலுள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கும். மாத்திரையையும் தேநீருடனோ பாலுடனோ விழுங்கக்கூடாது.

இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் இரும்பு தேவை. 100 கிராம் சிவப்பு இறைச்சியில் கிடைப்பதோ இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம்தான். கோழியில் அதிலும் குறைவு. எனவே இறைச்சி கொடுக்கிறோமே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கோழி ஈரலில் இரும்பு பல மடங்கு அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை சிறிதளவு போதும். பிடிக்காத பிள்ளைக்கு அதைத் திணிக்கவும் வேண்டாம். வெறுப்பு வந்துவிட்டால் பிறகு எந்தக் கறியையும் தொடமாட்டாள். வீட்டில் கர்ப்பிணி யாரும் இருந்தால் அவர் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் விற்றமின் ஏ மிக அதிகம்.

இனி உங்கள் கணவர். சமைத்த சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் பரிந்துரைக்கிறது. ஒரு கிலோ பச்சை இறைச்சி வெந்தபின் சுமார் 700 கிராமாகச் சுருங்கும். எலும்பைக் கழித்தால் இன்னும் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ ஆட்டிறைச்சி வாங்கி நான்கு பேர் பகிர்ந்துண்ணும் குடும்பத்தில் ஒருவருக்கு 150 கிராம்கூட வராது. என் கணிப்பில், நம்மவர் பலரின் கொலஸ்ட்ரோலுக்கு அந்தத் துண்டுகளைவிட அவை மிதக்கும் குழம்பே கூடுதல் காரணம். தேங்காயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. தீய கொலஸ்ட்ரோலை உயர்த்துவது அதுதான். கொழுப்பில்லாத சதைப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள், கோழியைத் தோல் உரித்தே சமையுங்கள். முடிந்தால் இறைச்சியை முதல்நாளே மஞ்சளும் உப்பும் இட்டு அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, முதற்பால் சேர்க்காமல் இரண்டாம் பாலிலேயே கறியை இறக்குங்கள். கணவருக்குப் பரிமாறும்போது துண்டுகளை எடுத்து வைத்து, குழம்பைக் குறைத்து, தட்டில் பாதியை மரக்கறியாலும் கீரையாலும் நிரப்புங்கள். மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் அதுவும் தொடரட்டும்.

மற்ற நாட்களுக்கு மீன் இருக்கிறது. சூடை, கும்பளா போன்ற கொழுப்பு மீன்கள் வாரத்தில் இரண்டு தடவை இருவருக்கும் நல்லது. பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ செய்யுங்கள். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அன்று கடலையோ கௌபியோ கட்டாயம் இருக்கட்டும்.

நான் அஞ்சுவது மாரிகாலத்தைத்தான். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து மீன் விலை ஏறும்போது, பல வீடுகளில் சொசேஜும் கருவாடும் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. எப்போதாவது ஒரு துண்டு உண்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அது அன்றாடப் பண்டமாகக்கூடாது. கருவாட்டில் உப்பு அதிகம். ஒருவருக்கு நாளுக்கு 5 கிராம் உப்புதான் எல்லை. அந்த மாதங்களில் முட்டையும் தோலுரித்த கோழியும் மேல்.

மகளுக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் மீண்டும் இரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் உணவை மட்டும் மாற்றிக்கொண்டிராமல், மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு, குடற்புழு, தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் தன்மை ஆகியவற்றைப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.